பக்கத்து நாடு மறுத்தால் பெயரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். அண்ணன் வைத்திருந்த பழைய உலக வரைபடப் புத்தகத்தில் 'மாசிடோனியா' என்று இருக்கும் நாடு, புதிய பதிப்பில் 'வடக்கு மாசிடோனியா' ஆகிவிட்டது. கிரீஸ் எதிர்த்ததால் மாற்றினார்கள் என்று வழிகாட்டி நூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. ஒரு சுதந்திர நாடு தன் பெயரை வைத்துக்கொள்ளப் பக்கத்து நாட்டின் சம்மதம் எதற்கு? நியாயம் யார் பக்கம்? பெயரை மாற்றியதால் அந்த நாட்டுக்கு என்ன கிடைத்தது?

- கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. தனக்கு என்ன பெயர் என்பதை ஒரு நாடு தானே முடிவு செய்துகொள்ளலாம். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஆனால் வைத்துக்கொண்டால் மட்டும் ஒரு பெயர் புழங்கிவிடாது, மற்றவர்களும் அப்படி அழைக்க வேண்டும். ஐ.நா.வில் இடம் பிடிப்பதும், நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்வதும் பிறர் சம்மதத்தால் நடப்பவை. நேட்டோவிலும் ஒன்றியத்திலும் புதிதாக ஒரு நாட்டைச் சேர்க்க ஏற்கெனவே உள்ள அத்தனை உறுப்பினரும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிரீஸ் இரண்டிலும் முன்பே உறுப்பினர். 27 ஆண்டுகள் இழுத்த இந்தச் சண்டையில் கிரீஸின் பலம் முழுவதும் இங்கிருந்துதான் வந்தது.

நியாயம் யார் பக்கம் என்ற கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரின் மீது இரு தரப்புக்கும் உரிமை இருந்தது. தனக்கு மட்டுமே சொந்தம் என்று சொல்லும் உரிமை இருவருக்குமே இல்லை. ஏன் என்பதற்கு இருவர் பக்கத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

கிரேக்கர்களின் கவலை

மாசிடோனியா என்பது ஒரு நாட்டின் பெயராவதற்கு முன்பு ஒரு பெரிய நிலப்பகுதியின் பெயர். நூற்றாண்டுகளாக ஒட்டோமான் பேரரசின் கீழ் இருந்த அந்தப் பகுதியை 1912-13 பால்கன் போர்கள் துண்டாக்கின. 1913-ல் கையெழுத்தான புக்கரெஸ்ட் உடன்படிக்கைப்படி ஏறக்குறைய பாதி கிரீஸுக்கும், அதற்கடுத்த பங்கு செர்பியாவுக்கும், சிறு பங்கு பல்கேரியாவுக்கும் போனது. கிரீஸுக்குக் கிடைத்த பாதிதான் இன்று அந்நாட்டின் வடபகுதி. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்கிறார்கள். தங்களைக் கிரேக்கர் என்று சொல்லும் அதே வாயால் மாசிடோனியர் என்றும் சொல்பவர்கள் அவர்கள். அந்தப் பகுதியின் பெருநகரம் தெசலோனிக்கி. தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய நிருபங்களைத் தமிழ் விவிலியத்தில் படித்தவர்களுக்கு அந்த ஊர் பழக்கமானதுதான். அவர் பயணம் போன 'மக்கெதோனியா' இந்த மண்ணே.

பேரரசர் அலெக்சாந்தர் பிறந்த பெல்லாவும் கிரீஸுக்குள்தான் இருக்கிறது. பண்டைய மாசிடோனிய அரசர்களின் பழைய தலைநகரான ஐகையும் (இன்றைய வெர்ஜினா) அங்கேதான். 1977-ல் தொல்லியலாளர் மனோலிஸ் அந்த்ரோனிகோஸ் வெர்ஜினாவில் ஒரு பெரிய மண்மேட்டைத் தோண்டினார். கொள்ளையர் கை படாத அரச கல்லறை ஒன்று கிடைத்தது. உள்ளே ஒரு பொற்பேழை, அதற்குள் எரிந்த எலும்புகள், பேழையின் மூடியில் 16 கதிர்கள் விரியும் ஒரு சூரியச் சின்னம். அலெக்சாந்தரின் தந்தை இரண்டாம் பிலிப்பின் எலும்புகள் என்று அந்த்ரோனிகோஸ் கருதினார். கிரேக்கர்கள் அந்தச் சின்னத்தைத் தங்கள் மண்ணிலிருந்து எழுந்து வந்த சான்றாகப் போற்றினார்கள். 15 ஆண்டுகள் கழித்து, 1992-ல், யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த புதிய நாடு அதே 16 கதிர் சூரியனைத் தன் கொடியில் பொறித்துக்கொண்டது. கிரேக்கர்களுக்கு ஏற்பட்ட கொதிப்பை மிகை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

வரலாற்றுப் பெருமையைவிட ஆழமான இன்னொரு காரணமும் உண்டு. 1944-ல் கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் யூகோஸ்லாவியாவுக்குள் மாசிடோனியா ஒரு குடியரசாக உருவெடுத்தது. அதற்கடுத்து 1946 முதல் 1949 வரை கிரீஸில் உள்நாட்டுப் போர். வட கிரீஸில் வாழ்ந்த ஸ்லாவிய மொழி பேசுவோரில் பலர் அதில் கம்யூனிஸ்டுகள் பக்கம் நின்றார்கள். மாசிடோனியா முழுவதையும் ஒன்றாக்க வேண்டும் என்ற பேச்சு அன்று எல்லையின் இரு பக்கமும் ஒலித்தது. அந்தப் போரின் நினைவு மறையாத வீடுகளில், வடக்கே ஒரு நாடு முழுப் பகுதியின் பெயரையும் சூட்டிக்கொண்டது என்ற செய்தி, நாளைக்கு நம் நிலத்தையும் கேட்பார்கள் என்றே காதில் விழுந்தது. 1992 பிப்ரவரியில் தெசலோனிக்கி வீதிகளில் பல லட்சம் பேர் திரண்டது இந்த அச்சத்தால்தான்.

ஸ்கோப்யேயின் நியாயம்

எல்லைக்கு அந்தப் பக்கம் போவோம். 1991 செப்டம்பர் 8 அன்று பொதுவாக்கெடுப்பு நடத்தி, ஸ்கோப்யேயைத் தலைநகராகக் கொண்டு, யூகோஸ்லாவியாவிலிருந்து துப்பாக்கிச் சத்தமில்லாமல் பிரிந்த நாடு இது. அந்நாட்டுப் பெரும்பான்மையினர் ஸ்லாவியர்கள், பால்கன் பகுதிக்கு 6, 7-ஆம் நூற்றாண்டுகளில் வந்தவர்களின் வழியினர். முதல் அதிபர் கீரோ கிளிகோரோவ், தாங்கள் ஸ்லாவியர்களே, அலெக்சாந்தரின் வாரிசுகள் அல்ல என்று வெளிப்படையாகவே சொன்னவர். ஆனாலும் தங்களை மாசிடோனியர் என்று சொல்லிக்கொண்டே அங்கே தலைமுறைகள் வளர்ந்திருக்கின்றன. அவர்களுடைய மொழிக்கு 1945-ல் எழுத்தும் எழுத்திலக்கணமும் வகுக்கப்பட்டன. பள்ளிப் பாடமும் இலக்கியமும் அந்தப் பெயரில்தான் வளர்ந்தன. அவர்களுக்கு மாற்றுப் பெயர் ஒன்று அலமாரியில் தயாராக இருக்கவில்லை.

நிலத்தின் மீது ஆசை இல்லை என்று எழுதிக் கொடுக்கவும் அவர்கள் தயங்கவில்லை. பிற நாட்டு நிலத்துக்கு உரிமை கோர மாட்டோம் என்று 1992 ஜனவரியிலேயே அரசியலமைப்பைத் திருத்தினார்கள். ஐரோப்பியச் சமூகம் அமைத்த பாதிந்தெர் ஆணையமும், அந்தப் பெயரில் நில உரிமைக் கோரிக்கை எதுவும் அடங்கவில்லை என்று கருத்துச் சொன்னது. இருந்தும் 1992 ஜூனில் லிஸ்பனில் கூடிய ஐரோப்பியத் தலைவர்கள், 'மாசிடோனியா' என்ற சொல்லே இடம்பெறாத பெயரோடு வந்தால்தான் அங்கீகரிப்போம் என்று கிரீஸின் பக்கம் சாய்ந்தார்கள். இதைத்தான் நான் அநீதி என்கிறேன். பெயரில் ஓர் அடைமொழி சேருங்கள் என்று கேட்கலாம். உங்களை நீங்கள் அழைக்கும் சொல்லையே கைவிடுங்கள் என்று ஒரு மக்களினத்திடம் கேட்கக் கூடாது.

இதில் இன்னொரு காயமும் உண்டு. உள்நாட்டுப் போரில் தோற்று வட கிரீஸிலிருந்து ஓடியவர்களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இருந்தார்கள். அந்த அகதிகள் திரும்பி வரலாம் என்று 1982-ல் கிரீஸ் அரசு அறிவித்தது. ஆனால் 'இனத்தால் கிரேக்கர்' என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. மாசிடோனியர் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களுக்கு, பிறந்த ஊருக்கும் அப்பன் பாட்டன் நிலத்துக்கும் திரும்பும் வழி அடைபட்டது. பெயர்ச் சண்டை அவர்களுக்கு வெறும் இராஜதந்திரமாக இருந்ததே இல்லை.

தற்காலிகப் பெயரில் கால் நூற்றாண்டு

1993 ஏப்ரலில் ஐ.நா.வில் இடம் கிடைத்தது, ஆனால் சொந்தப் பெயரில் இல்லை. 'முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு' என்று தற்காலிகமாகக் குறிப்பிடுவதாக ஐ.நா. முடிவெடுத்தது. அகர வரிசையில் 'எம்' எழுத்தில் உட்கார வைத்தால் கிரீஸ் ஏற்காது, 'எஃப்' எழுத்தில் உட்கார வைத்தால் இந்த நாடு ஏற்காது. கடைசியில் அந்த நீண்ட பெயருக்கு முன்னால் வரும் ஆங்கிலச் சுட்டுச்சொல்லின் முதலெழுத்தான 'டி' வரிசையில், தாய்லாந்துக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்கள்.

1994 பிப்ரவரியில் கிரீஸ் பிரதமர் அந்திரெயாஸ் பாபந்திரேயு வணிகத் தடை விதித்தார். கடற்கரையே இல்லாத அந்த நாட்டுக்குக் கப்பல் வழி என்றால் தெசலோனிக்கித் துறைமுகம்தான். பொருளாதாரம் திணறியது. 1995 செப்டம்பரில் நியூயார்க்கில் ஓர் இடைக்கால உடன்பாடு கையெழுத்தானது. கொடியிலிருந்து 16 கதிர் சூரியனை எடுத்துவிட ஸ்கோப்யே சம்மதித்தது, தடையை நீக்க ஏதென்ஸ் சம்மதித்தது. அந்த ஆவணத்தைப் படித்துப் பாருங்கள். இரண்டு நாடுகளின் பெயரும் அதில் கிடையாது. ஏதென்ஸைத் தலைநகராகக் கொண்டது 'முதல் தரப்பு', ஸ்கோப்யேயைத் தலைநகராகக் கொண்டது 'இரண்டாம் தரப்பு', அவ்வளவுதான்.

சாதாரண மக்களின் பாட்டையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் மாசிடோனியக் கடவுச்சீட்டில் கிரீஸ் விசா முத்திரை குத்தவில்லை, தனித்தாளில் தந்தது. முத்திரை குத்தினால் உள்ளே அச்சிட்டிருந்த பெயரை ஏற்றதாகிவிடும் என்பதே காரணம். காரில் போனால், எண் பலகையில் இருந்த நாட்டுக் குறியீட்டின் மேல் எல்லையிலேயே ஓர் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிரேக்கக் கடற்கரைக்குப் போனவர், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கத் தன் நாட்டின் பெயர் மறைக்கப்படுவதைப் பொறுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

முற்றிய காலம்

2008 ஏப்ரலில் புக்கரெஸ்டில் நேட்டோ மாநாடு. குரோவேஷியாவுக்கும் அல்பேனியாவுக்கும் அழைப்பு வந்தது. மாசிடோனியாவுக்கு வரவில்லை, கிரீஸ் தடுத்துவிட்டது. தற்காலிகப் பெயரில் சேர விண்ணப்பித்தால் தடுக்க மாட்டோம் என்று 1995 உடன்பாட்டில் கிரீஸ் வாக்குக் கொடுத்திருந்தது. மாசிடோனியா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. கிரீஸ் உடன்பாட்டை மீறியது உண்மை என்று 2011 டிசம்பர் 5 அன்று தீர்ப்பு வந்தது. வழக்கில் வென்றார்கள், நேட்டோவின் கதவு மட்டும் திறக்கவில்லை. தீர்ப்பு சொல்லும் அதிகாரம் வேறு, சம்மதம் தரும் அதிகாரம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. தேர்வுக்குப் படிப்பவர் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அதே ஆண்டுகளில் ஸ்கோப்யேயும் தன் நியாயத்தைத் தானே குறைத்துக்கொண்டது. பிரதமர் நிக்கோலா குருவெஸ்கியின் அரசு விமான நிலையத்துக்கு அலெக்சாந்தரின் பெயரைச் சூட்டியது, நெடுஞ்சாலைக்கும் அதே பெயர். 2011-ல் தலைநகரின் நடுச் சதுக்கத்தில், பீடத்தோடு 20 மீட்டருக்கு மேல் உயர்ந்த குதிரை வீரன் சிலை எழுந்தது. அதிகாரப்பூர்வமாகப் பெயர் 'குதிரை மேல் வீரன்', யார் என்பது எல்லோருக்கும் தெரியும். கிளிகோரோவ் நேர்மையோடு விலக்கி வைத்த உரிமையை இவர்கள் வெண்கலத்தில் வார்த்து நிறுத்தினார்கள். கிரேக்கர்களின் அச்சத்துக்கு அவர்களே தீனி போட்டார்கள். நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய கால் பங்கினரான அல்பேனியர்களுக்கோ இந்தப் பண்டைப் பெருமையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஏரிக்கரையில் நடந்தது

2017-ல் ஸ்கோப்யேயில் ஜோரான் ஜாயெவ் பிரதமரானார். ஏதென்ஸில் அலெக்சிஸ் சிப்ராஸ் அப்போது பிரதமர். ஜாயெவ் முதலில் விமான நிலையத்திலிருந்தும் நெடுஞ்சாலையிலிருந்தும் அலெக்சாந்தரின் பெயரை எடுத்தார். 2018 ஜூன் 17 அன்று, இரு நாடுகளும் அல்பேனியாவும் பகிர்ந்துகொள்ளும் பிரெஸ்பா ஏரியின் கிரேக்கக் கரையில், ப்சராதெஸ் என்ற மீனவக் கிராமத்தில், வெளியுறவு அமைச்சர்கள் நிக்கோஸ் கொட்சியாஸும் நிக்கோலா திமித்ரோவும் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் ஐ.நா. சமரசத் தூதர் மேத்யூ நிமெட்ஸ், இந்த ஒரு சிக்கலுக்காக 1990-களிலிருந்து உழைத்தவர்.

இந்த உடன்பாட்டின் சிறப்பு, 'மாசிடோனியா' என்ற ஒரே முடிச்சை நான்கு இழைகளாகப் பிரித்ததில் இருக்கிறது. நாட்டின் பெயர் முதல் இழை. 'வடக்கு மாசிடோனியக் குடியரசு' என்பது வெளியுலகுக்கு மட்டுமல்ல, உள்நாட்டுக்கும் பொருந்தும். ஒரே பெயருள்ள இரண்டு ஊர்களுக்கு மேல, கீழ என்று முன்னொட்டு வைத்து நம் கிராமங்கள் தீர்த்துக்கொண்டது போன்ற வழிதான் இது. மொழி இரண்டாவது இழை. அது 'மாசிடோனிய மொழி', தெற்கு ஸ்லாவியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்ற விளக்கத்தோடு. குடியுரிமை மூன்றாவது. கடவுச்சீட்டில் 'மாசிடோனியர் / வடக்கு மாசிடோனியக் குடியரசின் குடிமகன்' என்று இருக்கும். வரலாறு நான்காவது. மாசிடோனியா என்ற சொல்லால் இரு தரப்பும் வெவ்வேறு வரலாற்றையும் பண்பாட்டையும் குறிக்கின்றன என்று இருவருமே எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். பண்டைய கிரேக்க நாகரிகம் கிரீஸுக்கு உரியது. பள்ளிப் பாடநூல்களை ஆராய இரு நாட்டு அறிஞர்களின் கூட்டுக் குழுவும் அமைந்தது.

தேர்வில் எழுதும்போது இந்தப் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும். நாட்டைக் குறிக்கையில் 'வடக்கு மாசிடோனியா' என்று எழுதுங்கள். மொழியைக் குறிக்கையில் 'மாசிடோனிய மொழி' என்றால் போதும், அங்கே 'வடக்கு' சேர்ப்பது பிழை.

உடன்பாட்டைச் செய்த ஜாயெவும் சிப்ராஸும் சொந்த ஊரில் பெரிய விலை கொடுத்தார்கள். 2018 செப்டம்பர் 30 அன்று மாசிடோனியாவில் ஆலோசனைப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு, ஆனால் வாக்களிக்க வந்தவர்களோ 37 விழுக்காடுதான். அதிபர் கியோர்கே இவானோவ் கையெழுத்திட மறுத்தார். பின்னர் நாடாளுமன்றத்தில் அரசியலமைப்பைத் திருத்த 120 பேரில் 80 பேர் வேண்டும் என்ற நிலையில் 81 பேர் ஆதரித்தார்கள். ஏதென்ஸிலும் எதிர்ப்பு வெடித்தது. உடன்பாட்டுக்கு முன்பே 92 வயது இசையமைப்பாளர் மிக்கிஸ் தியோதொராகிஸ் பேரணி மேடையேறிப் பேசியிருந்தார். சிப்ராஸின் கூட்டணிக் கட்சி விலகியது. ஆனாலும் 2019 ஜனவரி 25 அன்று 300 பேர் கொண்ட கிரேக்க நாடாளுமன்றத்தில் 153 வாக்குகளுடன் உடன்பாடு நிறைவேறியது. பிப்ரவரி 12-ல் புதிய பெயர் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டே சிப்ராஸ் தேர்தலில் தோற்றார். உடன்பாட்டை எதிர்த்த கிரியாக்கோஸ் மித்சொதாகிஸ் பிரதமரான பின் அதைக் கிழித்தெறியவில்லை. தனக்குப் பிடிக்காவிட்டாலும் நாடு கொடுத்த வாக்கு என்று மதித்தார்.

என்ன கிடைத்தது?

2020 மார்ச் 27 அன்று வடக்கு மாசிடோனியா நேட்டோவின் 30-ஆவது உறுப்பினரானது. அது பெரிய பலன். ஐரோப்பிய ஒன்றியத்தைப் பொறுத்தவரை கதை வேறு. 2005-லேயே வேட்பாளர் தகுதி பெற்ற நாடு அது. பெயர் மாறினால் பேச்சுவார்த்தை தொடங்கும் என்று சொல்லியே மக்களிடம் ஆதரவு கேட்டார்கள். 2019 அக்டோபரில் பிரான்ஸ் தடுத்தது. 2020 நவம்பரில் பல்கேரியா தடுத்தது. மாசிடோனிய மொழி பல்கேரிய மொழியின் ஒரு வடிவமே என்பது பல்கேரியாவின் வாதம். 1992-ல் இந்த நாட்டை முதலில் அங்கீகரித்ததே பல்கேரியாதான் என்பதை நினைத்தால் வருத்தம் கூடுகிறது. 2022-ல் பிரான்ஸ் முன்வைத்த சமரசத்தின்படி, அரசியலமைப்பில் பல்கேரியச் சிறுபான்மையினரையும் குறிப்பிட வேண்டும். கிரீஸ் பெயரைக் கேட்டது, கொடுத்தோம். இப்போது பல்கேரியா இதைக் கேட்கிறது. நாளை யார் எதைக் கேட்பார்கள் என்ற கசப்பு நாட்டில் பரவியது. 2024-ல் பெயர் மாற்றத்தை எதிர்த்த கட்சி பெரும் வெற்றி பெற்றது. அதிபராகப் பதவியேற்ற கொர்தானா சில்யானோவ்ஸ்கா-தாவ்கோவா மேடையில் நாட்டை 'மாசிடோனியா' என்று மட்டுமே சொன்னார். கிரீஸ் தூதர் எழுந்து வெளியேறினார். அதிபர் செய்தது சரியில்லை என்பதே என் கருத்து, உடன்பாடு உடன்பாடுதான். ஆனால் அந்தக் கசப்பு எங்கிருந்து வந்தது என்பதை ஒன்றியத்தின் தலைநகரங்கள் தங்களைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது அந்த இரு நாடுகளுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. 1947-ல் புதுடெல்லி 'இந்தியா' என்ற பெயரைத் தக்கவைத்துக்கொண்டதை ஜின்னா எதிர்த்தார். ஆனால் இந்தியா 1945-லேயே ஐ.நா.வின் தொடக்க உறுப்பினர். இந்தியா நுழையக் காத்திருந்த கதவு எதுவும் பாகிஸ்தான் கையில் இல்லை, எதிர்ப்பு தானாகக் கரைந்தது. அயர்லாந்து தன் அரசியலமைப்பில் 1937-ல் வைத்த பெயரை, வடக்கு அயர்லாந்தையும் சேர்த்து உரிமை கோருவதாகக் கருதிய பிரிட்டன் பல பத்தாண்டுகள் தவிர்த்தே வந்தது. 1998 பெல்ஃபாஸ்ட் உடன்பாட்டில் அயர்லாந்து அந்த நில உரிமைக் கோரிக்கையைக் கைவிட்ட பிறகே பெயர்ச் சிக்கலும் தீர்ந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பெயர்ச் சண்டையின் அடியில் நிலம் பற்றிய அச்சம் இருக்கும். அதன் முடிவை யாருடைய கதவை யார் தட்டுகிறார்கள் என்பது தீர்மானிக்கும்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு மறுபடி வருகிறேன். பக்கத்து நாட்டின் சம்மதம் சட்டத்துக்குத் தேவையில்லை, சேர்ந்து வாழத் தேவைப்பட்டது. பிரெஸ்பாவில் இரு தரப்பும் முழு வெற்றியைக் கைவிட்டார்கள். ஆனால் அரசியலமைப்பைத் திருத்தி, கடவுச்சீட்டு முதல் எண் பலகை வரை மாற்றிய சுமையைச் சுமந்தது சிறிய நாடுதான். 20 லட்சத்துக்கும் குறைவான மக்கள் கொண்ட ஒரு நாடு, தன் பெயரில் கை வைக்கச் சம்மதித்து அமைதியை வாங்கியது. அதற்குப் பதிலாக ஐரோப்பா கொடுத்த வாக்கு நிறைவேற வேண்டும். அது நிறைவேறாவிட்டால், உலகில் அடுத்து இப்படியொரு சிக்கலில் மாட்டும் நாட்டிடம் விட்டுக்கொடுங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் இருக்காது.